அப்பா என்று எழுதிய இடம்

ஆக்லாந்தில் துக்கம் விசாரிக்க யாரும் வீட்டுக்கு வருவதில்லை. ஒரு அட்டை வாங்கி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, மேசையில் வைத்துவிடுகிறார்கள். ஊருக்குப் போய்த் திரும்பிய அன்று காலை எனக்கும் ஒன்று காத்திருந்தது. பக்கத்து இருக்கை லிண்டா, தமிழில் தகப்பனாரை எப்படி அழைப்போம் என்று தேடிப் பார்த்து, ‘அப்பா’ என்பதை ஆங்கில எழுத்தில் நடுவே எழுதியிருந்தார். என் அப்பா போய்விட்டதற்காகப் பன்னிரண்டு பேர் வருந்தியிருந்தார்கள். அப்பா அந்நேரம் திருக்காட்டுப்பள்ளியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருப்பார்.

இறந்தவர் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. அலுவலக விடுப்புப் படிவத்தில் இறந்தவர் என்ன உறவு என்று ஒரு பட்டியல். அப்பா, அம்மா, துணை, பிள்ளை, உடன்பிறந்தவர், அவ்வளவுதான். மனிதவளப் பிரிவின் உதவி எண்ணில், பெயர் சொல்லாமல், சித்தப்பாவுக்கு உண்டா என்று கேட்டேன். அங்கிள்தானே, சொந்த விடுப்பில் போகலாமே என்றார்கள். அது என்னிடம் மிச்சமில்லை. அங்கிளாம்! எங்கள் ஊரில் பஸ் கண்டக்டரும் அங்கிள்தான். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே அவரை ஐஸ் பெட்டியில் வைத்து எனக்காகக் காத்திருந்தார்கள். பட்டியலில் ‘அப்பா’வை அழுத்தினேன்.

சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை. பள்ளியில் கணக்கில் நான் வாங்கும் மதிப்பெண்ணை அப்பா பார்த்தால் தோலை உரித்துவிடுவார். அதனால் ரேங்க் கார்டில் தந்தை கையொப்பம் என்ற இடத்தில், சேற்றுக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு, கொஞ்சமும் கூசாமல் அப்பா பெயரை எழுதியவர் சித்தப்பாதான். அதற்குப் பதிலாக ஒரே ஒரு தடவை நான் அவரை ‘அப்பா’ என்று எழுதியிருக்கிறேன் என்று விமானத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பா உயிரோடு இருக்கும் பிள்ளை சித்தப்பாவுக்குக் கொள்ளி வைக்கலாமா என்று சுடுகாட்டில் யாரோ முணுமுணுத்தார்கள்.

“நான் இருக்கேன்னு பாக்காத. அவனும் உனக்கு அப்பன்தான். வைடா” என்றார் அப்பா.

ஊரில் உண்மையானது இங்கே பொய்யாகிவிட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சித்தப்பாவை நினைத்து அழலாம் என்று உட்கார்ந்தால் பயம்தான் வருகிறது. என் மொட்டைத் தலையை லிண்டா பரிவோடு பார்க்கும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன். நிஜமாகவே அப்பாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் படிவத்தில் யாரை எழுதுவேன்?

நேற்று மதியச் சாப்பாட்டின்போது மேசைமேல் கைப்பேசி ஒலித்தது. திரையில் ‘அப்பா’, அட்டையில் இருந்த அதே ஆங்கில எழுத்துகளில். லிண்டா பார்த்துவிட்டார். அந்த நம்பரை இப்போது உன் அம்மா வைத்திருக்கிறாரா என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டிவிட்டு எடுத்தேன்.

ஊரில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம். தன் தம்பியோடு எப்போதும் போகும் மடைக்கு முதல் தடவையாகத் தனியே வந்திருப்பதாக அப்பா சொன்னார். நான் ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மடையைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

“என்னடா, அப்பான்னு ஒரு வார்த்த வாயில வரல?”

“அப்பா” என்றேன். அதற்குமேல் முடியவில்லை, அழுதுவிட்டேன். அந்த ஒரு சொல் மட்டும் புரிந்த லிண்டா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அழுவாதடா” என்றார் அப்பா காதில். “நான் இருக்கேன்ல.”