தராசு திரும்பிய போகம்

வட்டக்கச்சியில் நெல் வாங்கி மில்லுக்கு விற்கும் கமலாசனியின் மகள் நிரோஜா, கம்பஸில் வணிகத்தோடு குற்றவியலும் நீதியும் சேர்த்துப் படிக்கிறாள் என்ற செய்தியை ஊருக்கு விளங்கப்படுத்தியவர் சுடலைமுத்து. ஆறு ஏக்கர் வயல்காரர். வாய் சும்மா இராது.

"யாவாரமும் களவும் ஒண்டாப் படிக்கிறாவாம்," என்றார் தேத்தண்ணிக் கடையில். "அதுக்கேன் பிள்ளை கம்பஸுக்குப் போனவ? தாயின்ர தராசடியில நிண்டிருந்தாலே பாஸ் பண்ணியிருப்பா."

கடை முழுக்கச் சிரித்தது. கமலாசனியும் சிரித்துக்கொண்டே இதைத் தொலைபேசியில் மகளுக்குச் சொன்னார். நிரோஜாவும் சிரித்தாள். மூன்றாம் வருடம் வரைக்கும் அது பகிடியாகத்தான் இருந்தது.

அந்த வருடம் ஒருநாள் விரிவுரையாளர் சொன்னார்: "வியாபாரத்தில் பிழை செய்கிறவர் தன்னைக் கள்ளன் என்று நினைப்பதில்லை. அவரிடம் ஒரு வசனம் எப்போதும் தயாராக இருக்கும்." பிறகு திரும்பிப் பலகையில் எழுதினார்: எல்லாரும் செய்கிறதுதானே.

நிரோஜாவின் பேனை நின்றுவிட்டது. அது அவளுடைய அம்மாவின் வசனம்.

நெல் நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று மூடைக்கு இரண்டு கிலோ கழிப்பார் கமலாசனி. அதற்குப் பெயர் கழிவு. அந்தப் பக்கத்தில் நெல் எடுக்கிற எல்லாரும் கழித்தார்கள். யாராவது முணுமுணுத்தால், "எல்லாரும் கழிக்கிறதுதானே அண்ணை," என்பார். தராசின் இலக்கம் தெரிகிற முகம் எப்போதும் அவரைப் பார்த்தே இருக்கும். நிரோஜாவின் விடுதிச் சோறும் புத்தகமும் அந்தத் தராசிலிருந்துதான் வந்தன.

இறுதி வருட ஆய்வுக்கு, நடக்கிற ஒரு வியாபாரத்தை எடுத்து, அதிலுள்ள ஒரு வழக்கத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றம் நிலைக்காவிட்டால் ஆய்வும் இல்லை. வேறு யாருடைய கடையையும் அவள் எடுத்திருக்கலாம். தன் வீட்டை விட்டுவிட்டு அடுத்தவரைக் குற்றம் பார்க்க மனம் வரவில்லை. மாசி மாதம், வெட்டு மெசின்கள் வயலில் இறங்கிய கிழமை, விவசாயம் படிக்கும் தோழியிடம் இரவல் வாங்கிய ஈரமானியோடு ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

"அம்மா, இந்தப் போகம் கழிவை விட்டுப் பாப்பமோ?"

சாக்குத் தைத்துக்கொண்டிருந்த கமலாசனி நிமிர்ந்தார். "மில்காரன் என்னட்டக் கழிக்கிறானே. அவனிட்டப் போய் உன்ர புத்தகத்தை வாசிச்சுக் காட்டுறியோ?"

"நீங்கள் களவெடுக்கிறியள் எண்டு நான் சொல்லேல்லை அம்மா."

"சொல்லன். ஊரே சொல்லுது, நீ மட்டும் ஏன் குறைய?"

நிரோஜா பத்து வெறும் சாக்குகளை மடித்துத் தராசில் வைத்தாள். "எத்தினை காட்டுது?"

கமலாசனி இலக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். "பத்தும் சேர்ந்து ஒரு கிலோ முந்நூறு."

"ஒரு சாக்குக்கு நூற்றி முப்பது கிராம்."

"அப்ப ஈரம்?"

"அதுக்குத்தான் இதைக் கொண்டு வந்தனான்."

ஈரமானியைப் பார்த்ததும் கமலாசனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஈரம் பாக்க மெசினோ? பல்லிருக்கு." ஒரு நெல்மணியைக் கடித்தார். "பதினாலு வீதம். காஞ்சது." ஈரமானி பதினாலு தசம் இரண்டு என்றது. அடுத்த மூடையில் ஒன்று. "பதினெட்டு. காயேல்லை." பதினேழு தசம் எட்டு. ஏழு மூடைகள் பார்த்தார்கள். ஒன்றில்கூட அரை வீதத்துக்கு மேல் பிசகவில்லை.

நிரோஜாவுக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "எது காஞ்சது, எது ஈரம் எண்டு உங்களுக்கு நல்லாத் தெரியும் அம்மா. தெரிஞ்சுகொண்டுதான் எல்லாத்திலயும் கழிச்சிருக்கிறியள்."

கமலாசனி எழும்பிக் குசினிக்குள் போனார். தேங்காய் துருவும் சத்தம் வழக்கத்தை விட உரக்கக் கேட்டது. சாப்பாடு போடும்போதுதான் வாய் திறந்தார். "பத்து நாள் தாறன். பத்தாம் நாள் லொறி வரும். மில்காரன் கழிச்சானெண்டால் பழையபடிதான். உன்ர ஆய்வும் போகும். பரவாயில்லையோ?"

"ஓம் அம்மா."

மறுநாள் காலை முதல் ஆளாக உழவு இயந்திரத்தில் வந்தவர் சுடலைமுத்து. தராசின் முகம் தன்னைப் பார்த்திருப்பதைக் கண்டு, "என்ன, தராசுக்கும் கழுத்துச் சுளுக்கோ?" என்றார்.

கமலாசனி மூடை மூடையாகக் கடித்துப் பார்த்தார். "இந்தப் பதினெட்டு மூடையும் எடுக்கிறன். காட்டுற நிறை அப்பிடியே. கழிவில்லை. மற்றப் பன்னிரண்டும் ஈரம். காயப்போட்டுக் கொண்டு வாங்கோ அண்ணை."

"இதென்ன கூத்து! ரெண்டு கிலோவைக் கழிச்சுப்போட்டு எடன் பிள்ளை!"

"கழிக்கமாட்டன்."

"கழியன் எண்டுறன்!"

இத்தனை வருடமாகக் கழிவைத் திட்டியவர், கழிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு நின்றார். நிரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவர் புறுபுறுத்தபடி பன்னிரண்டு மூடையையும் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டுத் திரும்பி வந்து, கழிவில்லாமல் முழு நிறைக்கும் காசு வாங்கினார். தேத்தண்ணிக் கடையில் அவர் வாய் சும்மா இருக்குமா? ஏழாம் நாள் உழவு இயந்திரங்களின் வரிசை வாய்க்கால் மதகு வரை நீண்டது.

பத்தாம் நாள் மில் லொறி வந்தது. நெல் எடுக்க வந்த இளைஞன் கிருசாந்தன் தன் தராசை இறக்கி, முகத்தைத் தன் பக்கம் வைத்தான்.

"விரும்பின மூடையில குத்திப் பாருங்கோ தம்பி," என்றார் கமலாசனி.

ஒன்பது மூடைகளில் குத்தி நெல் எடுத்தான். நிரோஜாவின் ஈரமானி ஒன்றைக்கூடப் பதினாலுக்கு மேல் காட்டவில்லை. அவன் புருவம் உயர்ந்தது. "இப்பிடிக் காஞ்ச நெல் இந்தப் போகம் ஒரு இடத்திலயும் எடுக்கேல்லை அக்கா." பிறகு இழுத்தான். "எண்டாலும் கழிவு... எல்லாரும் கழிக்கிறதுதானே."

நிரோஜா அம்மாவைப் பார்த்தாள்.

"அது என்ர வசனம் தம்பி," என்றார் கமலாசனி. "நானே விட்டிட்டன். ஒண்டில் தராசை இஞ்சால திருப்புங்கோ. இல்லாட்டில் லொறியை அங்கால திருப்புங்கோ. இந்த நெல்லுக்கு மில் ஒண்டு மட்டுமில்லை."

கிருசாந்தன் அடுக்கியிருந்த மூடைகளைப் பார்த்தான். வரிசையில் நின்ற உழவு இயந்திரங்களைப் பார்த்தான். குனிந்து தராசைத் திருப்பினான்.

வரிசையிலிருந்து யாரோ சீட்டியடித்தார்கள். "யாவாரமும் களவும் படிச்ச பிள்ளையெண்டு முதலே சொன்னனான்தானே!" என்று சுடலைமுத்து எல்லாருக்கும் கேட்கக் கத்தினார். இந்த முறை கடைசிவரை உரக்கச் சிரித்தவர் கமலாசனிதான்.

நிரோஜாவின் ஆய்வுக்கு அந்த வருடத்தின் முதலிடம் கிடைத்தது. பயன்படுத்திய கருவிகள் என்ற பக்கத்தில் ஈரம் அளக்க இரண்டைக் குறிப்பிட்டிருந்தாள். முதலாவது, கமலாசனியின் பல். இரண்டாவது, அதைச் சரிபார்க்க ஓர் ஈரமானி.