ஐரிஷ் நாடகத்தில் எங்கள் வீட்டுக் கோதாரி

இங்கே இத்தாலியில், மொண்டெல்லோ போகும் பஸ்ஸுக்கு இன்று முக்கால் மணி நேரம் நின்றேன். இரண்டு மணிக்கு நான் சம்பளத்துக்குப் பராமரிக்கும் வயதான சிஞ்ஞோரா அம்மாவுக்கு மருந்து கொடுக்க வேண்டும். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

பக்கத்தில் மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஐரிஷ் நாடகத்தில் உவமைகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அதில் ஒரு குடும்பம் சாவையும் சவப்பெட்டியையும் சொல்லித் திட்டிக்கொண்டே தேநீர் குடிக்குமாம்.

"வீட்டிலை ஆர் இப்பிடிக் கதைப்பினம் எண்டு வகுப்பிலை எல்லாரும் சிரிச்சவை. நான் மட்டும் கை உயர்த்தினனான்."

"ஏனடி?"

"'கோதாரியிலை போவாளே, சாப்பிட வா' எண்டு நீங்கள் கூப்பிடுறதை இத்தாலியனிலை சொன்னனான். 'கொள்ளைநோயிலை செத்துப் போ, பாஸ்தா ஆறுது' எண்டு. டீச்சர் அதை போர்டிலை எழுதினவ."

பஸ் வருகிறதா என்று தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"சரி, நாடகத்திலை கடைசியா ஆர் சாகினம்?"

"எல்லாரையும் விடக் கூடத் திட்டினவதான்."

அதற்குப் பிறகும் பஸ் வரவில்லை. ஆனாலும் அதை நான் ஒரு சொல் திட்டவில்லை.

வருகிற கிழமை பெற்றோர் கூட்டம். உங்கள் வீட்டில் பிள்ளைகளை எப்படிச் சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கோ, அந்த போர்டில் நான் மட்டும் தனியே நிற்கிறேன்.