மாத்திரை எழுதாத டாக்டர்

புதுச்சேரியில் முகத்தை மறைக்க நினைப்பவன் ஹெல்மெட் போடக் கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஹெல்மெட் கட்டாயம் என்று அவ்வப்போது உத்தரவு வரும். நாங்களும் நாலு நாள் போடுவோம். அப்புறம் அது பரண்மேல் ஏறிவிடும். அப்படிப்பட்ட ஊரில், வெயில் கொளுத்தும் ஒரு புதன்கிழமை மத்தியானம், ஹெல்மெட் கண்ணாடியை மூக்குவரை இறக்கிவிட்டுக்கொண்டு முத்தியால்பேட்டையிலிருந்து லாஸ்பேட்டைக்கு ஸ்கூட்டரில் போனேன். சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற தெரிந்தவர் ஒருவர், ரோட்டுக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"என்னா பாய், ஹெல்மெட்டுலாம் பலமா இருக்கு! எங்க, தூரமா?"

"பேங்க்குல ஒரு வேலை" என்றேன். அவர் பிள்ளைகள் எத்தனையாவது படிக்கிறார்கள் என்றும் கேட்டுவைத்தேன். உள்ளே வியர்த்து ஊற்றியது.

நான் போய்க்கொண்டிருந்தது ஒரு கவுன்சிலிங் மேடத்தைப் பார்க்க. தன் வீட்டு மாடியில் தனியாகப் பார்க்கிறவர். பெயர்ப்பலகைகூட இல்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

பெரிய மார்க்கெட் பக்கம் எனக்கு ஒரு கடை. பை, சூட்கேஸ் விற்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கிற சீசனில், கடையில் ஜனம் நெரிந்துகொண்டிருந்தபோது, திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக் கை நடுங்கியது. ஸ்கூல் பை அடுக்குக்குப் பின்னால் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடைப் பையன்கள் தண்ணீர் தெளித்தார்கள், வீட்டுக்குப் போன் போட்டார்கள். அதற்கப்புறம் அது வாடிக்கையாகிவிட்டது. ஷட்டரைத் தூக்கும்போதே உடம்பு உதறும். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. "இதயம் நல்லா இருக்கு பாய், மனசுலதான் பிரச்சினை" என்று சொல்லி அங்கே பார்த்த ஹார்ட் டாக்டர்தான் மேடத்தின் நம்பரைக் கொடுத்தார்.

அடைப்பு என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அடைப்பு கௌரவமான வியாதி. சொந்தக்காரர்கள் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். மனசு சரியில்லாதவனைப் பார்க்க யார் ஆப்பிளோடு வருவார்கள்? முதுகுக்குப் பின்னால் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுற்றிக் காட்டுவார்கள். மனைவியிடம் "நரம்பு டாக்டர்" என்று சொன்னேன்.

மேடம் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். மேஜை இல்லை, ஸ்டெதாஸ்கோப் இல்லை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். "சொல்லுங்க சார்" என்றார். நான் சிரித்தேன். கஸ்டமரிடம் பேசிப் பழகிய வாய் எனக்கு. அவர் கைப்பையின் ஜிப் நல்ல ஜிப் இல்லை, சீக்கிரம் பல் போய்விடும் என்று சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு, காத்திருந்தார். பிறகு எப்படி என்று தெரியவில்லை, என்னைப் பெற்ற அத்தா மௌத்தாகி, அடக்கம் முடிந்த வாரத்திலேயே கடை திறந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். மடியில் இருந்த ஹெல்மெட்டுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே அழுதேன். மீசை நரைத்த ஆள், முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செத்துப்போகலாம் போல இருந்தது.

கடைசியில் அவர் கேட்டார். "வீட்ல உங்க மனைவி எப்படி இருக்காங்க?"

"அவளுக்கென்ன மேடம், நல்லா இருக்கா" என்றேன். எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் கையைத்தான் பார்த்தாள்.

"மாத்திரை எங்க?"

எங்கள் வீட்டில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் கையில் மெடிக்கல் கவர் இருக்க வேண்டும். கவர் இல்லையென்றால் பார்த்ததாகவே அர்த்தமில்லை. "நாளைக்குத் தர்றேன்னாங்க" என்று சமாளித்தேன். மறுநாள் எங்களைத் தெரியாத ஒரு மெடிக்கலில் சத்து மாத்திரை வாங்கி, அட்டையிலிருந்து பிரித்து ஒரு சின்ன டப்பியில் கொட்டினேன். டாக்டரே கையால் கொடுப்பது, வெளியில் கிடைக்காது என்று அவளிடம் சொன்னேன். அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "வாசனையே நெஞ்சைப் புடிக்குது, நல்ல பவரான மருந்துதான்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலைப் பசியாறலுக்குப் பின் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நிற்பாள். நான் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் நகர்வாள். நரம்பு மருந்துக்கு ஆகாது என்று அவளே முடிவுசெய்து கருவாடும் கத்திரிக்காயும் நிறுத்தினாள். எனக்குக் கருவாடு என்றால் உயிர். வாயைத் திறக்க முடியவில்லை.

புதன்கிழமைகள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினேன். ஷட்டரைத் தூக்க முடிந்தது. கூட்டத்தில் நிற்க முடிந்தது. மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அந்த டாக்டரு கைராசிக்காரரு. என்னா மாத்திரையோ, ஆளையே மாத்திடுச்சு" என்று போனில் தங்கச்சியிடம் சொன்னாள். தொழுதுவிட்டுக் கையேந்தும்போது டாக்டருக்கும் சேர்த்து துஆ கேட்டாள். அதைப் பார்க்கையில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இருக்கிற இடத்தை விட்டு எழுந்து வெளியே போய்விடுவேன்.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். எப்படிச் சொல்வது? கூட வாழ்கிறவளிடம் பேசாததையெல்லாம், கதவைச் சாத்திக்கொண்டு வேறொரு பெண்ணிடம் பேசிவிட்டு வருகிறேன் என்றா? "வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று மேடமும் ஒருமுறை கேட்டார். சொல்லிவிட்டேன் என்று அங்கேயும் புளுகினேன். உண்மை பேசத்தான் அங்கே போகிறேன் என்பதை நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

அந்த டப்பி சீக்கிரம் சீக்கிரம் காலியானது. மெடிக்கல்காரர் அட்டையைக் குறைத்துக் கொடுக்கிறார் என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன்.

ஒரு நாள் காலை கடைக்குக் கிளம்பியவன், செல்போனை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அடுப்படியில் மனைவி நின்றிருந்தாள். மேடைமேல் என் டப்பி திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். என்னைக் கண்டதும் கையை வெடுக்கென்று மூடிக்கொண்டாள்.

"கோச்சிக்காதீங்க. உங்களுக்கு நல்லா கேக்குதேன்னுதான் எடுத்தேன்."

"உனக்கு எதுக்கு?"

"எனக்கும் நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. நீங்க கடையில உழுந்துட்டீங்கன்னு போன் வந்துச்சே, அன்னிலேர்ந்து. போன் அடிச்சாலே கையி காலு ஒதறுது."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உங்களுக்கே முடியல. இதுல நான் வேறயா?"

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்து மாத்திரை என்று சொன்னேன். லாஸ்பேட்டை மேடம் மாத்திரை தருகிறவர் இல்லை, பேச வைக்கிறவர், நான் பேசப் பேசத்தான் சரியாகிறது என்று சொன்னேன். கத்துவாள், அழுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லாத்தையும் பேசுவீங்களா?" என்று கேட்டாள்.

"ம்."

"என்னப் பத்தி கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்னா சொன்னீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. அவள் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"நீ நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

அவள் மூடியிருந்த கையைத் திறந்தாள். வியர்வையில் மாத்திரையின் சாயம் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.