தந்தி அண்ணியின் வலது கை

என் வீட்டுக்காரரின் அக்காவை, அவர் வேலை பார்த்த மருந்துக்கடையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தந்தி என்பார்கள். திடீரென்று வருவார், ரெண்டு வார்த்தை பேசுவார், போய்விடுவார். வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. மொபெட்டின் முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பெட்டி. இருபது வருஷத்துக்கு மேல் அப்படி ஓடினார். கல்யாணம் ஒன்று நடந்தது. திரும்பி வந்துவிட்டார். "சரிப்படலை" என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் சொன்னதை நான் கேட்டதில்லை.

எங்களோடுதான் இருக்கிறார், வாசல் பக்கத்து அறையில். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் என்னைப் பூனை என்பார். நான் நடப்பதும் கேட்காது, பேசுவதும் கேட்காது என்று.

அண்ணி உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடப்பார். டிவியும் நின்றபடிதான். "உட்காருங்க அண்ணி" என்றால், "உட்கார்ந்தா மறுபடி எந்திரிக்கணுமே, எதுக்கு ரெண்டு வேலை" என்பார்.

அப்படிப்பட்டவருக்குக் காலில் வந்தது. முதலில், செருப்பு கழன்றது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். பிறகு படியில் கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் வைக்க முடிந்தது. நரம்பு நோய், கைக்கு வராது, காலோடு நின்றுவிடும் என்றார் டாக்டர். மொபெட்டை விற்றோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே சர்க்கரை டப்பாவை உப்பு இருந்த இடத்துக்கு மாற்றுவார், உப்பை வேறெங்கோ வைப்பார். மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பார். விரல்கள் மேஜையைத் தட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டில் கதவு சாத்தினால் யார் போகிறார்கள் என்று கேட்பார்.

கால் முடியாதவர்களுக்கான ஒரு சங்கத்திலிருந்து அந்த பேட்டரி ஸ்கூட்டர் வந்தது. நாலு சக்கரம், ஒரு இருக்கை, முன்னால் ஒரு கைப்பிடித் தண்டு. கொண்டுவந்தவர் அண்ணி ஓட்டப்போகும் வண்டியைப் பற்றி என் வீட்டுக்காரரைப் பார்த்தே எல்லாம் சொன்னார். வலது கைப்பிடிக்குக் கீழே லிவர் இருக்கிறது, அழுத்தினால் ஓடும், விட்டால் தானாகவே பிரேக் விழுந்து நிற்கும், தனியாகப் பிடிக்க பிரேக் கிடையாது. கைப்பிடியில் பை மாட்டக் கூடாது, பை சாய்ந்து லிவரை அழுத்திவிடும். இறங்குவதற்கு முன் சாவியை எடுத்துவிட வேண்டும். ஓட்டாமல் வைத்தாலும் சார்ஜ் போட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும். பின்னால் இருக்கிற சிவப்பு லிவரைத் தூக்கினால் வண்டியைக் கையால் தள்ளலாம், ஆனால் அப்போது அது எங்கேயும் நிற்காது.

"குழந்தைகூட ஓட்டும் சார்" என்று முடித்தார்.

"அப்ப குழந்தைக்கே குடுத்திருக்கலாமே" என்றார் அண்ணி.

செய்தி கேட்டு மருந்துக்கடைக்காரர் வந்தார். கடையில் போனில் வரும் ஆர்டர்களை வாங்கி மருந்தை எடுத்து வைக்க ஆள் வேண்டும், எந்தத் தெருவில் யாருக்கு என்ன மருந்து என்று அண்ணிக்குத் தெரியும் என்றார். ஆனால் கூட்டிக்கொண்டு வரவும் கொண்டுபோய் விடவும் தன்னிடம் ஆள் இல்லை. "நீயா வந்து நீயா போனா நாற்காலி உனக்கு. அடுத்த மாசம் முதல் தேதி வரைக்கும் பார்க்கறேன் தந்தி. அப்புறம் வேற ஆளைப் போட்டுருவேன்" என்றார். அண்ணி அன்றைக்கு டப்பா எதையும் இடம் மாற்றவில்லை.

முதல் நாள் லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளே நின்றவரின் பெட்டி மேல் மோதினார். மறுநாள் வாட்ச்மேன் வைத்திருந்த பூந்தொட்டிகள். அதற்கடுத்து, குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது என்று நேராக காம்பவுண்டு கேட்டில் போய் இடித்து, முழங்காலில் தோல் உரிந்துவிட்டது. உணர்வில்லாத கால் என்பதால் ரத்தம் செருப்பில் வழிந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

என் வீட்டுக்காரர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"குடுடா."

"எதுக்கு? அடுத்து பஸ்ஸுல போய் முட்டறதுக்கா?"

"அவன் குறுக்கே வந்தான்."

"குறுக்கே வந்தா நிறுத்தணும்க்கா. நீ வேகமா போறே. கண்ணு தெரியலையா, புத்தி இல்லையான்னு எனக்குத் தெரியலை."

தினமும் சாவியை ஆபீசுக்கே எடுத்துப்போனார். அண்ணி நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டு காலண்டரைப் பார்ப்பார். தேதி போய்க்கொண்டிருந்தது.

எனக்குப் படிப்பு பாதியில் நின்றுபோனது. பேசவும் வராது. அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அண்ணி டீ குடித்துக்கொண்டிருந்தபோது குக்கர் விசில் அடித்தது. அவர் திடுக்கிட்டார். வலது கை டம்ளரை இறுக்கியது, விரல் மூட்டுகள் வெளுக்கும் அளவுக்கு. நான் அந்தக் கையையே கவனிக்க ஆரம்பித்தேன். கதவு படாரென்று சாத்தினால் அந்தக் கை நாற்காலியை இறுக்கும். போன் அடித்தால் முந்தானையை இறுக்கும். கேட்டில் மோதிய அன்றைக்கு ஜன்னலிலிருந்து பார்த்தது ஞாபகம் வந்தது. சைக்கிள் வந்தவுடன் வண்டி நிற்கவில்லை, வேகம் எடுத்தது.

சொல்லலாமா வேண்டாமா என்று சில நாள் மென்று விழுங்கிவிட்டு, கடைசியில் சொன்னேன்.

"அண்ணி, நீங்க பயந்தா பிடிச்சுக்கறீங்க."

"என்னத்தை?"

"கையில எது இருக்கோ அதை. வண்டியில லிவர்தானே கையில இருக்கு."

விரல்கள் தட்டுவதை நிறுத்தின. தன் கையை மடியில் வைத்து, வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"மொபெட்டுல பிரேக்கைப் பிடிச்சாதானே நிக்கும்" என்றார். "நாய் வந்தாலும் பிடி, லாரி வந்தாலும் பிடி. இத்தனை வருஷமா அதைத்தானே பண்ணுச்சு இது. எனக்குத் தெரியுது, விடணும்னு. இதுக்கு யார் சொல்றது?"

கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பூனை, நீ என்னைப் பயமுறுத்து" என்றார்.

"நானா?"

"பகல்ல வீட்டுல வேற யார் இருக்கா? சுவரா?"

வண்டியோடு வந்த ரெண்டாவது சாவி பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் இருந்தது. என் வீட்டுக்காரர் அதை மறந்திருந்தார். எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டி நிறுத்தும் இடம். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு அங்கே தூண்கள் மட்டும் நிற்கும். அண்ணி வேகத்தைக் குறைக்கும் குமிழை ஆமைப் படம் போட்ட பக்கம் வைத்துக்கொண்டு தூண்களைச் சுற்றி வருவார். நான் ஏதாவது ஒரு தூணுக்குப் பின்னால் தட்டும் கரண்டியுமாக ஒளிந்திருந்து திடீரென்று வெளியே குதிக்க வேண்டும்.

முதல் நாள் குதித்து, "ஏய்" என்றேன்.

அண்ணி என்னைச் சுற்றிக்கொண்டு போனார். "இது என்ன? பயமுறுத்தச் சொன்னா மன்னிப்புக் கேக்கற மாதிரி இருக்கு. என் தம்பி மேல உனக்குக் கோபமே வந்ததில்லையா? அதையெல்லாம் எடுத்துக் கத்து."

மறுநாள் கொஞ்சம் எடுத்தேன். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். தட்டைத் தூணில் அடித்து நான் போட்ட சத்தத்துக்கு வாட்ச்மேன் கம்போடு ஓடிவந்தார்.

"என்னம்மா, திருடனா?"

"இல்லைங்க. நாத்தனாரைப் பயமுறுத்திக்கிட்டிருக்கேன்."

"எங்க வீட்டுல அதுக்கெல்லாம் தனியா இறங்கி வர வேண்டியதில்லைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கை லேசில் கேட்கவில்லை. சில தடவை விட்டது, பல தடவை இறுக்கியது. ஒருமுறை என் கால் கட்டைவிரலில் சக்கரம் ஏறியது. அண்ணி மேலே வந்தும் சும்மா இருக்க விடவில்லை. எதிர்பார்க்காத நேரத்தில் மூடியைக் கீழே போடு, கதவை அடி என்பார். வீடே திடுக்கிட்டுக்கொண்டிருந்தது. "உனக்குக் கை நழுவுற வியாதியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சார்ஜர் வயரைப் பார்த்து, "ஓட்டாத வண்டிக்கு இது எதுக்கு?" என்றும் கேட்டார். "சும்மா வெச்சா செத்துரும்னு அந்த ஆள் சொன்னாரேடா" என்றார் அண்ணி, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபடி.

ஒரு காலையில் நான் ஒரு பாத்திரத்தை நழுவவிட்டேன். அண்ணியின் கையிலிருந்த டம்ளர் தரையில் விழுந்து டீ சுவர் வரைக்கும் தெறித்தது. அவர் விரிந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "விட்டுருச்சு பூனை" என்றார். நான் துடைப்பம் எடுக்கப் போனேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மாதக் கடைசி நாள். நான் தூணுக்குப் பின்னால் தட்டை ஓங்கிக்கொண்டு நிற்கிறேன். சரிவுப் பாதையில் ஒரு பைக் இறங்கும் சத்தம். ஆபீசில் கரண்ட் இல்லையென்று என் வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிட்டார். அண்ணி தூணைத் திரும்பினார். பைக் விளக்கு அவர் முகத்தில் அடித்தது.

"அக்கா, பிடி! பிரேக்கைப் பிடி!"

ஸ்கூட்டர் இருந்த இடத்தில் நின்றது. கத்திய என் வீட்டுக்காரர்தான் தன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, சிமெண்டுத் தூசியில் வழுக்கி, பைக்கைப் படுக்கப்போட்டுவிட்டு ஒற்றைக் காலில் குதித்து நின்றார்.

"அடிபட்டுச்சா?" என்றார் அண்ணி.

"சாவி ஏது?"

"நான்தான் குடுத்தேன்" என்றேன். இத்தனை நாள் கத்திப் பழகிய குரல், அடித்தளம் முழுக்க எதிரொலித்தது. என் வீட்டுக்காரர் தட்டையும் கரண்டியையும் பார்த்தார்.

"நீ பிடி பிடின்னியே" என்றார் அண்ணி. "பிடிச்சிருந்தா இப்ப உன் மேல ஏறியிருப்பேன். இதுல விட்டாத்தான் நிக்கும். அதைத்தான் இவ கத்துக்குடுத்தா."

"இங்க தூண் மட்டும்தான் இருக்கு. ரோட்டுல பஸ் வரும்."

"நாளைக்கு முதல் தேதி. ரோட்டுக்கே கூட வா."

"ஒரு இடத்துல தடுமாறினாலும் ரெண்டு சாவியும் என்கிட்ட வந்துரணும்."

"சரி."

காலையில் அண்ணி வண்டியில் ஏறுவதற்கு முன் குனிந்து பின்பக்கம் பார்த்தார். சிவப்பு லிவர் தூக்கியிருந்தது.

"யார் இதைத் தொட்டது?"

"பைக்கை நிறுத்த இடமில்லைன்னு நான்தான் தள்ளி வெச்சேன்."

"இப்படியே இந்தச் சரிவுல போயிருந்தா பிரேக்கே இருந்திருக்காது. இறக்கு." அவர் இறக்கினார். அதற்குப் பிறகு சரிவு ஏறும்வரை வண்டியின் பின்னாலேயே நடந்தார்.

தெருவில் நாங்கள் நினைக்காத ஒன்று நடந்தது. யார் ஹாரன் அடித்தாலும் அண்ணியின் கை விட்டுவிட்டது. ஆட்டோ அடித்தால் வண்டி நிற்கும். எங்கோ சந்தில் ஒரு பைக் அடித்தால் நிற்கும். மறுபடி அழுத்துவார், மறுபடி நிற்கும். பயத்தை நானல்லவா அந்தக் கையில் ஏற்றிவைத்தேன்.

சிக்னலில் பச்சை விழுந்து சாலையைக் கடந்தபோது, கோட்டில் நின்ற பஸ் அண்ணியின் காதுக்கருகே நீளமாக ஹாரன் அடித்தது. கை விட்டது. ஸ்கூட்டர் நட்டநடுச் சாலையில் நின்றது. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து முட்டித் தள்ளினார். பிரேக் பூட்டிய வண்டி அசையவில்லை. சிக்னல் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. மற்ற வண்டிகளும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"தொடாதே" என்றார் அண்ணி.

"அக்கா..."

"தொடாதேங்கறேன்ல."

அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் விரல்கள் ஒவ்வொன்றாக லிவர் மேல் போய் அமர்ந்தன. மெதுவாக அழுத்தினார். இன்னொரு பஸ் அடித்தது. விரல் விரியப் பார்த்தது, விரியவில்லை. அக்கரைச் சாய்தளத்தில் முன்சக்கரம் ஏறியபோது சிவப்பு விழுந்தது.

என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. கையை நீட்டினார். "சாவியைக் குடுக்கா. நேத்து பேசினோம்ல."

"கடை வரைக்கும் வா. அங்க வந்து கேளு" என்று சொல்லிவிட்டு அண்ணி நிற்காமல் போனார்.

கடை வாசலில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். சாவியை எடுத்தார், அதன் பிறகுதான் இறங்கினார். கவுண்டரைப் பிடித்து நகர்ந்து நாற்காலிக்கு வருவதற்கும் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. கை ஒரு தடவை விரிந்து, பிறகு போனை எடுத்தது. "சொல்லுங்க. எந்தத் தெரு? அந்த மாடி வீடா? சர்க்கரை மாத்திரைதானே, அந்தக் கம்பெனி உங்களுக்கு ஒத்துக்காதே." கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் கவுண்டருக்கு முன்னால் கையை நீட்டியபடியே நின்றார். பின்னால் மருந்துச் சீட்டோடு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

அண்ணி போனை வைத்தார். "தம்பி, மருந்து வாங்கறதுன்னா வரிசையில நில்லு. இல்லைன்னா வழி விடு."

அவர் வழி விட்டார். திரும்பி நடந்தபோது சாவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலம் அந்த சிக்னலில் எப்போது கூட்டம் குறையும் என்று வீடு வரைக்கும் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு எப்படித் தெரியும்?