பழைய கீறல் என்று நான் சொன்னது

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வரைக்கும் தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்கிறவர்கள் நூறு பேர் இருக்கலாம். நான் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. மூன்றாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. ஒன்பது வயதில் தோல் பதம் செய்கிற ஷாப்பில் தொட்டிக்குள் இறங்கித் தோல் மிதித்தேன். முப்பத்தைந்து வயதில் அதே ஷாப்பில் பங்குதாரன் ஆனேன். யாரும் கைதூக்கி விடவில்லை. பனி மலையில் கட்டை கட்டிச் சறுக்கிய முதல் தோல்காரனும் இந்த ஜில்லாவில் நான்தான். இதைக் கல்யாண வீடுகளில் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தக் கதையில் ஒரு பாதியை மட்டும் சொன்னதில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பெரிய உலகச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் தோலை லண்டனுக்கு அனுப்புகிற சென்னை ஏற்றுமதிக்காரர், தரம் பிரித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று என்னையும் கப்பலில் கூட்டிப் போனார். லண்டன் வேலை முடிகிற சமயம், நார்வே தேசத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. தமிழ்க் கடிதம்! எழுதியது ஒரு வெள்ளைக்காரப் பெண், லண்டன் ஏஜெண்டிடம் என்னைப் பற்றி விசாரித்து எழுதியிருந்தாள். அவளுடைய தகப்பனார் எங்கள் பக்கத்தில் பாதிரியாராக இருந்தவர். அவள் பிறந்ததே இங்கேதான். பன்னிரண்டு வயது வரைக்கும் இங்கே வளர்ந்து, பிறகு ஊருக்குப் போய்விட்டாள். அங்கே அவளுடைய மாமனார் பூட்சு தைக்கிறவர். அவருக்கு ஆவாரம்பட்டையில் பதம் செய்த நம்முடைய தோலைப் பார்க்க வேண்டுமாம்.

மாதிரித் தோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். ரயில், படகு, மறுபடி ரயில், கடைசியில் குதிரை இழுக்கிற சறுக்கு வண்டி. எங்கு பார்த்தாலும் சுண்ணாம்பு கொட்டி வைத்த மாதிரி வெள்ளை.

வாசலில் நின்றவளுக்கு முப்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும், "வாண்ணே! குளுருல செத்தியா?" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதிரியார் பங்களாச் சமையற்கட்டில் வேலைக்காரர் பிள்ளைகளோடு பேசிப் பழகிய தமிழ், பன்னிரண்டு வயதோடு அப்படியே நின்றிருந்தது.

மாமனார் வாயைத் திறக்காத மனிதர். தோலை மடித்தார், நீட்டினார், முகர்ந்தார். இரண்டே நாளில் என் காலுக்கு ஒரு ஜோடி பூட்சு தைத்து முன்னால் வைத்து ஏதோ சொன்னார்.

"ஒரு வாரம் இதப் போட்டுக்கினு பனியில சறுக்கணுமாம்" என்றாள் அவள். "உள்ள தண்ணி வரலன்னா உன் தோலை எடுத்துக்குவாரு. எனக்குச் சறுக்கத் தெரியாதுன்னு சொல்லிடு அண்ணே, வேற யாரையாச்சும் போட்டுக்கச் சொல்லலாம்."

"எனக்குத் தெரியாத வேலை உண்டா?" என்றேன். "ஒரு நாளில் கத்துக்கிறேன் பாரு."

எனக்காக அவள் எடுத்து வந்த கட்டைகள் என்னைவிட ஒரு முழம் நீளம். அகலம் கை விரல்கள் நாலு. முன்பக்கம் படகு மூக்கு போல வளைந்திருந்தது. அடியில் தார் காய்ச்சிப் பூசியிருந்தார்கள். பூட்சின் முனையை மட்டும் வாரில் கட்ட வேண்டும். குதிகால் தூக்கித் தூக்கி வரும்படி விட்டுவிட வேண்டும். இரண்டு கைக்கும் இரண்டு மூங்கில் கோல். அவ்வளவு தூரம் வந்து மூங்கிலைப் பார்த்ததில் எனக்குத் தைரியம் வந்தது.

அந்தத் தைரியம் பத்து அடிகூட நிலைக்கவில்லை. வலது கட்டை இடது கட்டையின் மேல் ஏறியது, நான் பனியில் முகம் பதித்தேன்.

"மொதல்ல விழக் கத்துக்கோ அண்ணே."

"விழறதுக்கெல்லாம் வாத்தியார் வேணுமா?"

"வேணும். பக்கத்தால சாயணும். நீ மூஞ்சால விழறே. மூக்கை உடைச்சிக்கினு போனா உன் பொஞ்சாதி என்னைத்தான் திட்டும்."

இரண்டாம் நாள் எழுந்து நிற்கத் தெரிந்தது. மூன்றாம் நாள் மேடு ஏறத் தெரிந்தது. கட்டையைக் குறுக்கே வைத்து நண்டு போல ஏற வேண்டும். ஆனால் ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. தொட்டியில் தோல் மிதிக்கிறவன் குதிகாலை ஓங்கி இறக்குவான். ஒன்பது வயதிலிருந்து அப்படி இறக்கிய கால் என்னுடையது. சமதரையில் வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் நான் ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டு போனேன்.

"இன்னாண்ணே, கட்டையைப் போட்டு மிதிக்கிறே? தோலா அது?"

"கால் பழக்கம்மா."

"பழக்கத்தை ஆம்பூர்லயே வெச்சிட்டு வந்திருக்கணும். ஒரு கால்ல நில்லு, அது போற வரைக்கும் போவட்டும், அப்புறம் அடுத்த கால். அவசரம் இன்னா?"

நாலாம் நாள் மழைத்தூறல் போலப் பனி விழுந்ததால் வெளியே போகவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து அவள் கட்டைகளுக்குத் தார் பூசினாள், நான் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் சொன்னாள், அந்தக் கட்டைகள் அவளுடைய புருஷன் செதுக்கியவை என்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் பூட்சு கொடுக்க மலைக்கு அந்தப் பக்கம் போனவர், திரும்பும்போது கட்டை உடைந்து, பனியில் நடக்க முடியாமல் வழியிலேயே விறைத்துப் போனார். மறுநாள்தான் கண்டெடுத்தார்களாம்.

"மரம் சொத்தை, பாக்காம செதுக்கிட்டாருன்னு ஊர்ல பேசினாங்க. நான் ஒத்துக்கல. பனிக்கு அடியில பாறை இருந்திருக்கும், இடிச்சிருக்கும். அவரு கையில கெட்ட மரம் வராது அண்ணே. அதே மரத்துல செஞ்சதுதான் இதுவும். எட்டு வீட்ல அவரு கட்டைதான் இன்னும் ஓடுது. ஒண்ணுகூட உடையல."

சொல்லிவிட்டுத் தார்த் துணியால் வளைவை இன்னொரு முறை துடைத்தாள். அவளுக்கு அந்த மனுஷனிடமிருந்து மிச்சம் இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று இன்றைக்கு நான் சாக்குச் சொல்ல முடியாது.

ஆறாம் நாள் எனக்குச் சறுக்க வந்துவிட்டது. ஒரு காலில் நின்றேன், கட்டை தானாகப் போயிற்று, அடுத்த காலுக்கு மாறினேன், அதுவும் போயிற்று. காற்று காதில் கத்தி போல் பட்டது. அந்தச் சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியாது. முதல் முறை பங்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோதுகூட அப்படி இருந்ததில்லை. உடனே தலைக்கு ஏறியது.

முன்னால் போன அவள் திரும்பிக் கத்தினாள். "அங்க ஓடைப் பள்ளம் இருக்குதுண்ணே! நேரா வராதே. என் தடத்துலயே சுத்திக்கினு வா!"

அவள் வளைந்து போன தடம் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. நான் நேராக விட்டேன். ஒரு பெண்பிள்ளை சுற்றிப் போன இடத்தை ஆண்பிள்ளை தாண்டிக் காட்ட வேண்டாமா? பள்ளத்தின் நடுவில் கட்டை நின்றுபோனது. மூக்கு அந்தக் கரையில், வால் இந்தக் கரையில், நடுவில் வெறும் காற்று. அந்த நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் குதிகாலை ஓங்கி மிதித்தேன். ஒன்று. இரண்டு. இரண்டாவது மிதியில் இடது கட்டை பட்டென்று இரண்டாகப் போயிற்று.

அவள் ஓடி வருவதற்குள் நான் எழுந்து உட்கார்ந்து உடைந்த துண்டைக் கையில் வைத்திருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டியில் தோல் கிழிந்தால் மிதித்தவன் முதலில் சொல்கிற வார்த்தை, "கத்திக்காயம் முன்னமே இருந்தது" என்பது. உரித்தவன் மேல் பழியைப் போட்டுவிடுவான். உரித்தவன் அங்கே இருக்க மாட்டான், வந்து மறுக்கவும் மாட்டான். வேலை கற்பதற்கு முன்னால் நாங்கள் அந்த வார்த்தையைக் கற்கிறோம். மேஸ்திரிக்கும் தெரியும் அது பொய் என்று, ஆனாலும் தலையாட்டுவார். நானே மேஸ்திரி ஆனபிறகு எத்தனையோ முறை தலையாட்டியிருக்கிறேன்.

முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினேன். வெள்ளை வெளேரென்று நல்ல மரம். வாய் தானாகச் சொன்னது: "பழைய கீறல்மா. உள்ளேயே இருந்திருக்கு."

அவள் கோலை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள். "நல்லாப் பாத்தியா அண்ணே?"

"பார்த்தேன்."

"இன்னொரு வாட்டி பாரு. உன் கைக்குத் தெரியும்னுதானே இவ்ளோ தூரம் கூப்ட்டோம்."

இன்னொரு முறை தடவினேன். இந்தத் தடவை வாய் தானாகச் சொன்னது என்று சொல்ல முடியாது. யோசித்துத்தான் சொன்னேன். மிதித்தேன் என்றால் அவள் ஆறு நாள் சொன்னதை நான் கேட்கவில்லை என்று ஆகும். சிரிப்பாள். தோல் வியாபாரமும் போய்விடுமோ என்று இருந்தது. "கீறல்தான்மா. மரம் அப்படி" என்றேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம், முழங்கால் வரை பனியில் புதைந்து புதைந்து. மாமனாரிடம் அவள்தான் சொன்னாள். அவர் துண்டை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார், முகர்ந்தார், மேலே பரணில் வைத்தார். என் பூட்சைக் கழற்றச் சொல்லி உள்ளே கைவிட்டுத் தடவினார். சொட்டுத் தண்ணீர் இல்லை. நம்முடைய தோலையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

மறுநாள் ரயிலடியில் வண்டி வர நேரம் இருந்தது. அவள் என்னுடைய கம்பளித் துண்டைச் சரியாகச் சுற்றிவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்காதே. நேத்து நீ பள்ளத்துல மிதிச்சியா?"

குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. மிதித்தேன் என்று சொன்னால் போதும், கட்டிக்கொண்டு அழுதிருப்பாள்.

"இல்லம்மா" என்றேன்.

"சரிண்ணே" என்றாள்.

ஊருக்கு வந்து எட்டு மாதம் கழித்து அவளுடைய கடிதம் வந்தது. கொட்டை எழுத்து. அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: "கட்டையில் கீறல் இருந்த சேதி ஊரெல்லாம் தெரிந்து, எட்டு வீட்டுக்காரர்களும் கட்டைகளைக் கொண்டு வந்து எங்கள் சுவரில் சாத்திவிட்டார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை. பிள்ளைகள் சறுக்குகிறார்கள், பயமாக இருக்கிறது என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாறையில் இடித்திருக்கும் என்று இனிமேல் நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. போன தடவை வந்த தோல் நன்றாக இருந்தது."

நான் பதில் எழுதினேன், தோலைப் பற்றி மட்டும்.

இரண்டு வருஷம் போயிற்று. குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் வழக்கம்போல நான் பனியில் விழுந்த கதையைச் சொன்னேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் அத்தை மட்டும் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "அந்தக் கட்டை உன்னுதா, இரவலா?"

"இரவல்தான்."

"வாங்கினத முழுசாக் குடுத்தியா? உன் மிதிக்கு அது தாங்கியிருக்காதே!"

பந்தி முழுக்க மறுபடி சிரித்தது. எனக்கு இலையில் கை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அந்த ஒரு பக்கம் எழுதச் சாயங்காலம் முழுக்க ஆயிற்று. கீறல் இல்லை, நல்ல மரம், நான்தான் இரண்டு முறை மிதித்தேன், உன் புருஷன் கையில் குற்றம் இல்லை என்று எழுதினேன். மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருந்தது, அதையும் எழுதினேன்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது.

"கடிதம் கிடைத்தது. மாமாவுக்குப் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார், சாப்பிட வரவில்லை. அந்தக் கட்டைகளைப் போன வருஷமே கோழிப் பட்டிக்கு வேலியாக நட்டுவிட்டோம். இன்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். மண்ணுக்குள் இருந்த பாதி இற்றுவிட்டது. மேலே இருந்த பாதி நன்றாக இருக்கிறது. எட்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சரி என்றார்கள். இப்போது எல்லோரும் கடையில் வாங்கிய கட்டை வைத்திருக்கிறார்கள். வழக்கமான தோலையே அனுப்பும்படி மாமா சொல்கிறார்."

அதன் பிறகு அவளிடமிருந்து கடிதம் இல்லை. வருஷா வருஷம் மாமனார் பெயரில், அவர்கள் பாஷையில், ஆர்டர் சீட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டிக்குப் போகிற தோலை நானே ஒவ்வொன்றாகப் பொறுக்குவேன். வேறு யாரையும் தொட விட்டதில்லை. ஷாப்பில் இருப்பவர்கள் அது ஏதோ பெரிய இடத்து ஆர்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.