உட்கார்ந்தே களைத்துப்போன நாள்

மலேசியாவில், கிள்ளானில் சோயா சாஸ் செய்யும் ஒரு கிச்சாப்புத் தொழிற்சாலையில் நான் சேர்ந்த இரண்டாம் வருடம் இது நடந்தது. வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடிவரும் காலிப் போத்தல்களில் விரிசல், உடைசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இருந்தால் எடுத்துப் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கண்ணை மூடினாலும் போத்தல் ஓடும். குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று மறந்து மறுபடியும் போடுவேன். பிள்ளை எதையாவது கேட்டால் எரிந்து விழுவேன். யாரிடம் சொல்வது? பெட்டி தூக்குகிறவர்கள் மத்தியில், உட்கார்ந்திருப்பவள் களைப்பு என்றால் சிரிக்கமாட்டார்களா? லைன் கடைசியில் பெட்டி அடுக்கும் அண்ணன், "உனக்கென்ன தங்கச்சி, மகாராணி வேலை லா!" என்று தினமும் கிண்டல் செய்வார்.

ஒருநாள் மதியம் திடீரென்று ஒரு சந்தேகம். சற்றுமுன் போன போத்தலில் வாய் உடைந்திருந்ததா, இல்லையா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. யார் வீட்டுச் சமையலிலோ கண்ணாடித் துண்டு போய்விட்டால்? பதறிப்போய் மெஷினை நிறுத்திவிட்டேன்.

போத்தல்களைச் சோதிக்க, அடுக்கியிருந்த பெட்டிகளை அண்ணன் வியர்க்க வியர்க்க இறக்கினார். ஒரு போத்தலில்கூட உடைசல் இல்லை. சூப்பர்வைசருக்கு வந்ததே கோபம்! "உக்காந்து பாக்கவும் முடியலன்னா நாளையிலேர்ந்து வராதே" என்றார். என் ஒரு சம்பளத்தில் ஓடும் குடும்பம் எங்களுடையது. கழிவறையில் போய் அழுதேன்.

முகம் கழுவிவிட்டு வந்தால் என் நாற்காலியில் அண்ணன்! லைன் நிற்கக் கூடாதென்று அவரை உட்கார வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தவர், நேராகச் சூப்பர்வைசரிடம் போனார்.

"பாஸ், பெட்டி தூக்குனா கைதான் வலிக்கும், மனசு பாட்டுக்கு எங்கயாவது சுத்திட்டு வரும். இங்க கண்ண சிமிட்டவே பயமா இருக்கு. இந்தப் பொண்ணு நாள் முழுக்க எப்படித்தான் தாங்குதோ! பாதி நேரம் நான் மாத்திக்கிறேன் லா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை பெட்டியையும் வீணாக இறக்கியவர் அவர். என்னைத் திட்ட அவருக்குத்தான் முதல் உரிமை. சூப்பர்வைசர் முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து டீ நேரத்துக்கு டீ நேரம் நாங்கள் இடம் மாறிக்கொள்கிறோம். பெட்டி தூக்கித் தோள்பட்டை விண்விண் என்று வலிக்கிறது. ஆனால் படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன்.

என் வேலையைக் காப்பாற்றியதற்கு அந்த அண்ணனுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அதைவிட, என் களைப்பு பொய்யில்லை என்று நாலு பேர் முன்னால் எனக்காக ஒருவர் சொன்னாரே, அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.