வாயில் கவ்விய பறி

எழுதுவதா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவதோடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் ஆடிக் கூழுக்கு வீடு கழுவும்போது பரணில் என் பழைய பறி கிடைத்தது. ஏரிச் சேற்று வாடை இன்னும் போகவில்லை.

பனை ஓலையில் முடைந்த பை அது. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் துழாவி இறால் பிடிப்போம். இரண்டு கையும் வேலையில் இருக்கும். பறியைப் பல்லால் கவ்விக்கொள்வோம். வாயைத் திறந்தால் பிடித்ததெல்லாம் ஏரிக்கே. நான் வாய் மூடியிருப்பது அந்த நேரம் மட்டும்தான் என்பார் வீட்டுக்காரர்.

அப்போது ஏரிக்கரையில் எங்கள் ஊரான தோணிரேவில், பக்கத்துக் குடிசையில் செல்வி இருந்தாள். இலங்கைச் சண்டைக்குத் தப்பி மன்னாரிலிருந்து வந்தவள். "அடுத்த படகில வாறன்" என்று ஏற்றிவிட்ட புருஷன் வரவேயில்லை. அகதி முகாமில் காத்திருந்து பார்த்துவிட்டு, இங்கே கருவாடு காயப்போடும் வேலைக்கு வந்தாள்.

"மகாராணி, மீனத் திருப்பிப் போடத் தெரியுமா, இல்ல எங்க நைனா வந்து காட்டணுமா?" என்பேன்.

"உங்கட வாயில அந்தப் பறியை வச்சுத் தைக்கோணும் அக்கா" என்பாள்.

முகாமுக்கு வெளியே இருக்கும் இலங்கைக்காரர்களைப் போலீஸ் தேடி விசாரித்துக்கொண்டிருந்த காலம். ஒரு மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏரியில் ஒரு பறவைகூட இல்லை. வாயில் கவ்விய என் பறி நிறைந்திருந்தது. பக்கத்தில் வந்து நின்ற தோணியிலிருந்து ஒருவர், யார் காதிலும் விழக் கூடாது என்பதுபோல் கேட்டார்.

"அம்மா, மன்னார் செல்வி இங்க இருக்கிறாவோ? நான் அவவின்ட மனுசன்."

செல்வி நூறடியில், கருவாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்தாள். நான் வாய் திறக்கவில்லை. கரையேறிச் சொல்லிக்கொள்ளலாம் என்று இன்னும் இரண்டு கை துழாவினேன்.

"காத்து மாறுது, குந்துயா" என்றார் தோணிக்காரர். அந்த மனிதர் என்னையே பார்த்தபடி உட்கார்ந்தார். நான் கரையேறிக் கத்தியபோது தோணி தூரம் போயிருந்தது. காற்று என் குரலை என் முகத்திலேயே அடித்தது.

பொழுது சாயத் தோணிக்காரர் திரும்பி வந்தார். "அக்கரையில ரெண்டு பேர் நின்னுனு இருந்தாங்கோ. அந்தாள இட்டுனு போய்ட்டாங்கோ" என்றார். யார், எங்கே என்று அவருக்கும் தெரியாது.

தினமும் கேட்பதுபோல் அன்றும் செல்வி வந்து கேட்டாள். "அக்கா, என்னைத் தேடி ஆரும் வந்தவையோ?"

"இல்லம்மா" என்றேன்.

தை மாதம் அவளை வேறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வருஷம் தவறாமல் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறேன். அந்த ஒரு சொல் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. இன்று அந்தக் கொட்டகை இல்லை, கையில் தட்டுப்பட அவ்வளவு இறாலும் இல்லை, பறியைக் கவ்வ எனக்குப் பல்லும் இல்லை.

செல்வியைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இதை அப்படியே சொல்லுங்கள். 'பாவம் கிழவி, அந்தக் காற்றில் அவர் கேட்டது இவள் காதில் எங்கே விழுந்திருக்கும்' என்று எனக்காக மாற்றிவிடாதீர்கள். என் காதில் நன்றாக விழுந்தது. அவர் வந்திருந்தார்.